இரண்டாவது காருக்கு சூப்பர்சார்ஜர் கிட்: ரூட்ஸா, சென்ட்ரிஃப்யூகலா?

மலைவளைவு:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது, அதனால் நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். தினசரி ஓட்ட வேறு கார் இருக்கிறது. இது இரண்டாவது கார், 1999 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று நசுக்கப்படும் விகிதம்) 9.5-க்கு 1, புதிதாக வந்தபோது 140 ஹெச்பி. இன்ஜினை இதுவரை யாரும் திறந்ததில்லை. விடுமுறை நாளில் காலையில் எடுத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவேன், அவ்வளவுதான் இதன் வேலை.

வளைவில் இந்தக் கார் தரும் சந்தோஷத்துக்கு ஈடே கிடையாது. ஆனால் வளைவு முடிந்து ஏற்றத்தில் மூன்றாம் கியரில் 3,000, 3,500 ஆர்பிஎம்மில் மிதிக்கும்போது கார் யோசிக்கிறது. அங்கேதான் எனக்குக் கூடுதல் இழுவை வேண்டும். அதற்குத்தான் சூப்பர்சார்ஜர், அதாவது இன்ஜின் பெல்ட்டில் ஓடி உள்ளே கூடுதல் காற்றைத் தள்ளும் யூனிட், மாட்ட நினைக்கிறேன். டர்போ வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன், மிதித்த உடனே பதில் வர வேண்டும் என்பதுதான் காரணம், தயவுசெய்து அந்த விவாதத்தை இங்கே மறுபடி தொடங்க வேண்டாம்.

என் முன்னால் இருப்பவை இவை. ஒன்று, ஈட்டன் எம்45 வைத்த பழைய ரூட்ஸ் கிட், ஒருவர் கழற்றி வைத்திருக்கிறார். காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர் இல்லை, இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ இல்லை, பூஸ்ட் (தள்ளப்படும் காற்றின் கூடுதல் அழுத்தம்) ஏறும்போது பெட்ரோல் பிரஷரை ஏற்றிவிடும் ஒரு ரெகுலேட்டர் மட்டும் இருக்கிறது. இரண்டு, ரோட்ரெக்ஸ் சி30 வைத்த புதிய சென்ட்ரிஃப்யூகல் கிட், இண்டர்கூலர், இன்ஜெக்டர், ஈசியூ எல்லாம் சேர்த்து வருகிறது. மூன்றாவதாக, பழைய மெர்சிடிஸ் எஸ்எல்கே 230-ல் இருந்த எம்62-ஐ எடுத்து பிராக்கெட் செய்து நாமே கட்டலாம் என்கிறார் ஒரு நண்பர். 7 பிஎஸ்ஐ பூஸ்ட் போதும், 200 ஹெச்பிக்கு மேல் ஆசை இல்லை. எது சரி?


பெல்ட்சத்தம்:

நண்பரே, நீங்கள் கேள்விக்குள்ளேயே பதிலையும் எழுதியிருக்கிறீர்கள். "3,000, 3,500-ல் இழுவை வேண்டும்" என்ற ஒரு வரி போதும்.

சென்ட்ரிஃப்யூகல் என்பது டர்போவின் கம்ப்ரஸர் பக்கத்தை மட்டும் எடுத்து பெல்ட்டில் ஓட்டுவது மாதிரி. அதில் பூஸ்ட் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். ரெவ் பாதியானால் பூஸ்ட் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. உங்கள் இன்ஜின் 7,000 வரை போகும், அங்கே 7 பிஎஸ்ஐ வருகிற மாதிரி புல்லி போட்டால் 3,500-ல் 2 பிஎஸ்ஐ கூட வராது. நீங்கள் எந்த இடத்தில் காருக்கு மூச்சு வேண்டும் என்கிறீர்களோ அந்த இடத்தில் அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதைக் குறை சொல்லவில்லை, டிராக்கில் எப்போதும் 5,000-க்கு மேலேயே வைத்து ஓட்டுபவருக்கு அருமையான சாமான், டார்க் மெதுவாக ஏறுவதால் டயரும் பிடியை விடாது, கனெக்டிங் ராடுக்கும் நல்லது. ஆனால் உங்கள் ஓட்டம் அதுவல்ல.

ரூட்ஸ் வகை அப்படி இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு காற்று என்று அள்ளித் தள்ளிவிடும். எம்45 என்றால் சுற்றுக்கு 45 கன அங்குலம், சுமார் 0.74 லிட்டர். எம்62 சுமார் 1 லிட்டர். உங்கள் 1.8 இன்ஜின் கிராங்க் ஒரு முறை சுற்றினால் உள்ளே இழுப்பது 0.9 லிட்டர், இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒவ்வொரு சிலிண்டரும் மூச்சை இழுக்கிறது என்பதால் அந்தக் கணக்கு. அந்த 0.9 லிட்டருக்கு மேல் சூப்பர்சார்ஜர் தள்ளுவதுதான் பூஸ்ட். கிராங்க் புல்லி 130 மிமீ, சூப்பர்சார்ஜர் புல்லி 65 மிமீ என்றால் அது கிராங்கைப் போல 2 மடங்கு சுற்றும். 2,500-லேயே பெரும்பகுதி பூஸ்ட் கையில் இருக்கும்.

இதில் விலை எங்கே கொடுக்கிறோம் என்றால் சூட்டில். ரூட்ஸ் காற்றை உள்ளே வைத்து அழுத்துவதில்லை, இன்டேக் மேனிஃபோல்டில் கொண்டுபோய்த் திணிக்கிறது, அழுத்தம் அங்கேதான் உருவாகிறது, அதனால் திறன் குறைவு. வெளிக்காற்று 30 டிகிரி, பூஸ்ட் 7 பிஎஸ்ஐ, திறன் 55 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் வெளியே வரும் காற்று 90 டிகிரியைத் தாண்டுகிறது. அதே பூஸ்டை 70 சதவீதத் திறனில் செய்தால் 80-ஐ ஒட்டி நிற்கும். கேட்க சின்ன வித்தியாசம். ஆனால் 9.5 கம்ப்ரஷனில் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பது) வருமா வராதா என்பதை அந்தப் பத்துப் பதினைந்து டிகிரியே தீர்மானித்துவிடும். ஒரே அளவு காற்றுக்கு எம்45, எம்62-ஐ விட ஏறக்குறைய 1.4 மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும், சூடும் அதற்கேற்ப ஏறும்.

ஒரு ஒப்பீடு சொல்கிறேன். 2002-ல் வந்த மினி கூப்பர் எஸ்ஸில் இதே எம்45-தான் இருந்தது. அதை 1.6 இன்ஜினில் வைத்தவர்கள் கம்ப்ரஷனை 8.3-க்கு இறக்கி, மேலே இண்டர்கூலரும் வைத்து, பானட்டில் அதற்குக் காற்று போக ஓட்டையும் போட்டார்கள். உங்களிடம் 9.5 கம்ப்ரஷன், இண்டர்கூலர் இல்லாத கிட். அதனால் என் பதில், ரூட்ஸ் எடுங்கள், ஆனால் அந்தப் பழைய கிட்டை இருக்கிற நிலையில் அப்படியே மாட்டாதீர்கள்.


நாலாம்கியர்:

நான் வேறு மாதிரிதான் சொல்வேன். பிரேக் பேட், பிரேக் ஆயில், டயர், கூலன்ட் ஹோஸ், ரேடியேட்டர், இதெல்லாம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேள்வியில் ஒரு வார்த்தை இல்லையே. 1999 கார். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பாக இருக்கிறதா, பழுத்த பழுப்பு நிறத்துக்கு வந்துவிட்டதா என்று பானட்டைத் திறந்து பாருங்கள். பழுப்பு என்றால் அது விரிசல் விட நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதலில் அதை மாற்றுங்கள். அப்புறம், கிட் வாங்கும் முன் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து எண்களை இங்கே போடுங்கள். அது தெரியாமல் எந்தக் கிட் நல்லது என்று பேசுவதில் அர்த்தமில்லை.


ரிங்லேண்ட்:

மலைவளைவு தம்பி, நீங்கள் முதலில் சொன்ன மாதிரியான கிட்டைத்தான் நான் மாட்டினேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கும் இரண்டாவது கார்தான், இதே இன்ஜின் குடும்பம். கழற்றி வைத்திருந்த கிட், விற்றவர் "எல்லாம் இருக்கிறது, மாட்டி ஓட்ட வேண்டியதுதான்" என்றார். பெட்ரோல் பிரஷரை ஏற்றும் ரெகுலேட்டர், அதே பழைய இன்ஜெக்டர், ஈசியூவைத் தொடவே இல்லை. முதல் நாள் ஓட்டியபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது, உண்மையாகவே சொல்கிறேன், வேறு காரையே ஓட்டுவது போல் இருந்தது. நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் மாதம் ஒரு வெயில் நாளில் நீண்ட ஏற்றத்தில் நான்காம் கியரில் போகும்போது, தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம், இரண்டு விநாடிகூட இருக்காது. காலை எடுத்தேன், நின்றுவிட்டது. சரி, ஏதோ ஹீட் ஷீல்ட் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டு மறுபடி மிதித்தேன். அந்த இரண்டாவது மிதிதான் இன்ஜினைக் கொன்றது.

வீட்டுக்கு வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். மூன்றாவது சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் மிளகைத் தூவியது போல் கறுப்புப் புள்ளிகள், நடுநடுவே வெளிச்சத்தில் மினுங்கும் வெள்ளிப் புள்ளிகள். அந்த வெள்ளி பிஸ்டனின் அலுமினியம். ஹெட்டைத் திறந்து பிஸ்டனை எடுத்துப் பார்த்தால் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் ரிங்லேண்ட் என்ற பகுதி விரல்நகம் அளவுக்கு உடைந்து கிடந்தது. அன்றிலிருந்துதான் எனக்கு இந்தப் பெயர்.

என்ன நடந்தது என்றால், பிரஷரை ஏற்றினால் பெட்ரோல் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. ஓட்டம் பிரஷரின் வர்க்கமூலத்தைத்தான் பின்தொடரும். பெட்ரோலை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு பிரஷர் வேண்டும். அந்த அளவுக்குப் போனால் பழைய பம்ப் தள்ள முடியாமல் திணறும். ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்ற இக்னிஷன் டைமிங்கோ பூஸ்ட் இல்லாத இன்ஜினுக்கு எழுதியதாகவே இருக்கும். பூஸ்டில் காற்று பெட்ரோல் விகிதம் 11.5, 12-க்குள் இருக்க வேண்டும், என்னுடையது 13-ஐத் தாண்டியிருந்தது, அதாவது பெட்ரோல் போதவில்லை என்பது பிறகு அளந்தபோதுதான் தெரிந்தது. அந்த விகிதத்தை அளக்கும் ஒரு வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் முதல் நாளே இருந்திருந்தால் அன்றே பார்த்திருப்பேன்.

உங்களுக்கான இன்ஜெக்டர் கணக்கையும் போட்டுவிடுகிறேன். 200 ஹெச்பி. சூப்பர்சார்ஜர் இன்ஜினுக்கு ஒரு ஹெச்பிக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் என்று வைப்பது வழக்கம், ஆக 120 பவுண்டு, நாலால் வகுத்தால் 30, இன்ஜெக்டர் 85 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 0.85-ஆல் வகுக்க 35 சொச்சம். நிமிடத்துக்கு 370 சிசி. பழைய இன்ஜெக்டர் இதற்குக் கிட்டவே வராது. பெரிய இன்ஜெக்டர் என்றால் அதை ஓட்டத் தெரிந்த ஈசியூ வேண்டும். அந்த ஈசியூ பூஸ்டைப் படிக்க 2 பார், 2.5 பார் மேப் சென்சார் வேண்டும். 1 பார் சென்சார் வெளிக்காற்று அழுத்தத்தோடு நின்றுவிடும், அதற்கு மேல் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.7 மிமீயை ஒட்டி. பெட்ரோல் 98 ஆக்டேன் கிடைத்தால் அதையே போடுங்கள், 95-க்கு ட்யூன் செய்தால் டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கச் சொல்லுங்கள்.

எந்த வகை சூப்பர்சார்ஜர் என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். பெட்டிக்குள் பெட்ரோலுக்கும் டைமிங்குக்கும் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.


மலைவளைவு:

ரிங்லேண்ட் அண்ணா, அந்த ஸ்பார்க் பிளக் விஷயம் படித்து வயிற்றைக் கலக்கிவிட்டது. இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. நாலாம்கியர், ரேடியேட்டர் தொட்டி நீங்கள் சொன்ன அதே பழுப்பு, மாற்றச் சொல்லிவிட்டேன். கம்ப்ரஷன் எண்கள், இன்ஜின் சூடாக இருக்கும்போது, த்ராட்டிலை முழுக்கத் திறந்து எடுத்தது: 185, 183, 186, 168 பிஎஸ்ஐ. நான்காவது சிலிண்டரைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை.


நாலாம்கியர்:

186-க்கும் 168-க்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குச் சற்று உள்ளே. பயப்படும் எண் இல்லை, ஆனால் பூஸ்ட் போடும் முன் காரணம் தெரிந்தாக வேண்டும். அந்த சிலிண்டரில் ஒரு சின்ன கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அதைவிட நல்லது லீக்டவுன் டெஸ்ட். காற்றை உள்ளே விட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள், ஆயில் ஊற்றும் மூடியில் சீறினால் ரிங், சைலன்ஸர் முனையில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டில் பக்கம் என்றால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட். ஓரமாகக் கார்பன் ஒட்டி வால்வு சரியாக உட்காராமல் இருப்பதும் உண்டு. ரொம்ப நாள் நின்ற கார்களில் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.


நின்றவண்டி:

நின்ற கார் என்ற பேச்சு வந்ததால் இதைச் சொல்கிறேன், யாரும் இன்னும் தொடவில்லை. இரண்டாவது கார் என்றால் பாதி நாள் நிற்கும். சாதாரண இன்ஜின் அதைத் தாங்கிக்கொள்ளும், பூஸ்ட் போட்ட இன்ஜின் அவ்வளவாகத் தாங்காது. டேங்கில் மூன்று நான்கு மாதம் கிடந்த பெட்ரோலை வைத்துக்கொண்டு முதல் நாளே முழு பூஸ்டில் மிதிக்காதீர்கள், புதிதாக நிரப்பி அது லைன் முழுக்க வந்த பிறகு மிதியுங்கள். நீண்ட நாள் நிறுத்தி எடுத்தால் பெல்ட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள், பளபளப்பு ஏறியிருந்தால் வழுக்கும். வழுக்கினால் மேல் ரெவ்வில் பூஸ்ட் ஏறாமல் இறங்கும், பூஸ்ட் கேஜைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பத்துப் பதினைந்து ஹெச்பி அந்த ஒரு பெல்ட் வழியாகத்தான் போகிறது, அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

ஈட்டன் யூனிட்டுக்கு உள்ளேயே தனி ஆயில், இன்ஜின் ஆயிலோடு சம்பந்தமில்லை. பழையது வாங்கினால் மாட்டும் முன்பே அதை வடித்துவிட்டுப் புதியது ஊற்றுங்கள், வடித்த ஆயிலில் உலோகப் பொடி மினுங்கினால் அந்த யூனிட் வேண்டாம். புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள், பட்டுப் போல் சுற்ற வேண்டும், கரகரப்பு இருந்தால் பேரிங். ஐடிலில் கடகடவென்று சத்தம் வந்து ரெவ் ஏற்றினால் மறைகிறது என்றால் உள்ளே இருக்கும் கப்ளர் தேய்ந்திருக்கிறது, அது மாற்றக்கூடியதுதான், அதற்காக யூனிட்டைத் தள்ள வேண்டாம். ரோட்ரெக்ஸுக்கு அதற்கென்றே ஒரு ஆயில் உண்டு, உள்ளே பல்சக்கரம் இல்லாமல் உருளைகள் ஆயில் படலத்தின் பிடியில்தான் ஓடுகின்றன, அதனால் வேறு எந்த ஆயிலும் அங்கே உதவாது.

எம்62-ஐ எடுத்து நாமே கட்டுவது பற்றி ஒரு வார்த்தை. எம்62 நல்ல யூனிட், இந்த இன்ஜினுக்குப் பொருத்தமான அளவும்கூட. ஆனால் பிராக்கெட்டில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். நான் செய்த முதல் பிராக்கெட்டில் புல்லி 3 மிமீ பின்னால் தள்ளி நின்றது, கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. இருநூறு கிலோமீட்டரில் பானட்டின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புத் தூள், பெல்ட்டின் ஒரு விளிம்பு நார் நாராகப் பிரிந்து தொங்கியது. வெல்டிங்கும் லேத்தும் கையில் இல்லாவிட்டால் அந்த வழி வேண்டாம்.


பெல்ட்சத்தம்:

நின்றவண்டி சொன்னது எல்லாம் சரி. இன்னொன்றைச் சேர்க்கிறேன். எந்த ரூட்ஸ் கிட் வாங்கினாலும் பைபாஸ் வால்வு இருக்கிறதா, அதன் வேக்குவம் குழாய் விரிசல் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நிதானமாகப் போகும்போது அது திறந்து காற்றைச் சுற்றிவிடும், சூப்பர்சார்ஜர் பாரமில்லாமல் ஓடும். அது மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் சும்மா போகும்போதும் காற்று சூடாகிக்கொண்டே இருக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.


மலைவளைவு:

இந்த வாரம் லீக்டவுன் எடுத்தேன். நான்காவதில் சைலன்ஸர் பக்கம் லேசாகச் சீறியது, ஆயில் மூடியில் ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரம் நன்றாக ஓட்டிச் சூடேற்றிவிட்டு மறுபடி அளந்தேன், 168 இப்போது 177. நாலாம்கியர் சொன்ன கார்பன்தான் என்று தோன்றுகிறது. ரிங் இல்லை என்று தெரிந்ததே எனக்குப் பெரிய நிம்மதி.

முடிவும் எடுத்துவிட்டேன். ரூட்ஸ்தான். எம்45 விற்பவரிடம் யூனிட், பிராக்கெட், புல்லி மட்டும் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ரெகுலேட்டர் எனக்கு வேண்டாம். ஆனால் அதற்கு முன்பே ஈசியூ, 370 சிசி இன்ஜெக்டர், வைட்பேண்ட் மூன்றையும் மாட்டி, பூஸ்ட் இல்லாமலே ஒரு மாதம் ஓட்டப் போகிறேன். கார் ஸ்டார்ட் ஆவது, ஐடில், நிதானமான ஓட்டம் எல்லாம் சரியான பிறகுதான் சூப்பர்சார்ஜர். இண்டர்கூலருக்கு இடம் பார்க்கும் வரை 5 பிஎஸ்ஐக்கு மேல் போகாத பெரிய புல்லி. இன்சூரன்ஸுக்கும் எழுதித் தெரிவித்துவிடுகிறேன். இதில் தப்பு ஏதாவது தெரிகிறதா?


ரிங்லேண்ட்:

தப்பு இல்லை தம்பி, நான் செய்ய வேண்டிய வரிசையில் நீங்கள் செய்கிறீர்கள். ஒன்று மட்டும். பூஸ்ட் இல்லாத அந்த ஒரு மாதத்திலேயே இன்டேக் காற்றின் சூட்டையும் லாக் செய்து வையுங்கள். சூப்பர்சார்ஜர் மாட்டிய பிறகு அதே ஏற்றத்தில், அதே கியரில் எடுத்து ஒப்பிட்டால் எத்தனை டிகிரி ஏறியது என்று உங்கள் காரிலிருந்தே தெரியும், இண்டர்கூலர் எவ்வளவு பெரியது வேண்டும் என்பதை ட்யூன் செய்பவர் அதை வைத்தே சொல்லிவிடுவார். முதல் முழு மிதிக்குப் பிறகு காரை ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, நான்கு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். படம் எடுத்து இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.